அமெரிக்காவின் வட மாநிலங்கள் 1780-களிலேயே அடிமை முறையை ஒழித்துவிட்டன என்கிறார்களே, உண்மையா?

சில மாநிலங்கள் சட்டம் போட்டது உண்மைதான். ஆனால் அதில் எழுதியிருப்பதைப் படித்தால் மனசு ஆறாது. முதுகலை ஆய்வுக்காக, அந்த வட மாநிலங்களில் ஒன்றான பென்சில்வேனியாவின் பழைய சட்டங்களையும் செய்தித்தாள்களையும் இரண்டு வருடம் புரட்டியதை வைத்துச் சொல்கிறேன்.

அங்கே சட்டம் நிறைவேறியது 1780 மார்ச் 1 அன்று. ஏற்கெனவே அடிமையாக இருந்தவர்களை எஜமான் முறைப்படி பதிவு செய்துவிட்டால் போதும், அவர்கள் ஆயுளுக்கும் அடிமைதான். அதன்பிறகு பிறக்கும் பிள்ளைகளுக்கு விடுதலை உண்டு, 28 வயது வரை உழைத்துக் கொடுத்த பிறகு! ஒரே தாய்க்கு 1780 ஜனவரியில் பிறந்த அக்கா சாகும்வரை அடிமை, மறு வருடம் பிறந்த தம்பிக்கு 1809-இல் விடுதலை. இன்னொரு வட மாநிலமான நியூ ஜெர்சியில் 1860 கணக்கெடுப்பில்கூட 18 பேர் அடிமைகளாகப் பதிவாகியிருக்கிறார்கள்.

பென்சில்வேனியா சட்டத்தில் இன்னொரு விதியும் இருந்தது. வெளி மாநிலத்தவர் அழைத்துவரும் அடிமை ஆறு மாதம் தங்கிவிட்டால் விடுதலை கேட்கலாம். 1790-களில் அந்த மாநிலத்தின் ஃபிலடெல்ஃபியாதான் நாட்டின் தலைநகரம். அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன் என்ன செய்தார் தெரியுமா? ஆறு மாதம் முடிவதற்குள் தன் அடிமைகளை ஏதாவது சாக்குச் சொல்லி வெளியே அனுப்பிவிட்டுத் திரும்ப வரவழைத்தார். விஷயம் அவர்களுக்கும் தெரியக்கூடாது, ஊருக்கும் தெரியக்கூடாது என்று செயலாளருக்குக் கடிதமே எழுதியிருக்கிறார்.

அங்கே வாஷிங்டன் வீட்டில் அடிமையாக இருந்த ஓனா ஜட்ஜ் என்ற பெண் 1796 மே மாதம் தப்பினார். உடனே செய்தித்தாளில் விளம்பரம்: முகத்தில் நிறையப் புள்ளிகள், கன்னங்கரிய கண்கள், அடர்ந்த முடி, ஒல்லியான உடல்வாகு, வயது சுமார் 20, மாற்றி உடுத்த நல்ல துணிகள் நிறைய. பிடித்துத் தந்தால் 10 டாலர். நடுவில் ஒரு வரி, அவள் ஓடிப்போகக் காரணமே இல்லை என்று. அந்த இடத்தில் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். தேடுகிறவர்கள் எழுதிவைத்ததால்தான் அவர் முகமே நமக்குக் கிடைத்திருக்கிறது, ஆனால் அவர் மனசு அவர்களுக்குத் தெரியவில்லை.

காரணத்தை அவரே வயதான காலத்தில் ஒரு பேட்டியில் சொன்னார். வாஷிங்டனின் சொந்த மாநிலமான வர்ஜீனியாவுக்குத் திரும்பினால் விடுதலை என்பதே கிடையாது. அதிபரின் மனைவி மார்த்தா வாஷிங்டன் அவரைத் தன் பேத்திக்குக் கொடுப்பதாக இருந்தார். வீட்டார் ஊருக்குப் போக மூட்டை கட்டியபோது ஓனாவும் கட்டினார். சாமான்களைக் கறுப்பின நண்பர்கள் வீட்டில் முன்கூட்டியே சேர்த்துவிட்டு, வாஷிங்டன் வீட்டார் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் வெளியேறினார். அப்புறம் கப்பலேறி நியூ ஹாம்ஷயர் போய்ச் சேர்ந்தார். வாஷிங்டன் ஆள் அனுப்பியும் திரும்பவில்லை.

ஓடிவந்ததற்கு வருந்துகிறீர்களா என்று கேட்டபோது, இல்லை, நான் சுதந்திரமாக இருக்கிறேன் என்றார். 1848-இல் அவர் இறந்த நாளிலும் சட்டம் அவரைத் தப்பியோடிய அடிமையாகத்தான் வைத்திருந்தது.