கணிப்பு சரி, பணம் மட்டும் போய்விட்டது

கேள்வி: கோவையில் தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டில் 9 லட்சம் ரூபாய் வைத்திருக்கிறேன். அதில் 3 லட்சம் அடுத்த ஆண்டு மாடி கட்டுவதற்கு. சந்தை இறங்கும் என்று தோன்றியதால், வியாழக்கிழமை காலை வாராந்திர புட் ஆப்ஷன் (நிஃப்டி இறங்கினால் மதிப்பு ஏறும் ஒப்பந்தம்) ஒரு லாட்டை, அதாவது ஒரு தொகுதியை, எண்ணிக்கை ஒன்றுக்கு 62 ரூபாய் வீதம் வாங்கினேன். திங்கட்கிழமைக்குள் நிஃப்டி 120 புள்ளிகள் இறங்கியும் 22 ரூபாய்க்குத்தான் விற்க முடிந்தது. எங்கே தவறு? கையில் உள்ள ஒன்றரை லட்சத்தை வைத்து கால் ஆப்ஷன் (நிஃப்டி ஏறினால் மதிப்பு ஏறும் ஒப்பந்தம்) விற்கலாம் என்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில்: திசையைச் சரியாகத்தான் பிடித்தீர்கள். ஆனால் நீங்கள் வாங்கிய ஸ்டிரைக் (நிஃப்டி எதற்குக் கீழே போனால் கடைசி நாளில் புட்டுக்கு மதிப்பு இருக்குமோ அந்த அளவு), அன்றைய நிஃப்டிக்கு ஏறக்குறைய 300 புள்ளிகள் கீழே இருந்திருக்கும். 120 இறங்கிய பிறகும் 180 புள்ளிகள் மிச்சம். ஒப்பந்தம் முடியும் நாளான எக்ஸ்பைரியோ மறுநாள் செவ்வாய். நாள் குறையக் குறையக் கரைவது பிரீமியம், அதாவது ஆப்ஷனின் விலை; நடுவில் சனியும் ஞாயிறும் அதைத் தின்றுவிட்டன. 65 எண்ணிக்கை கொண்ட லாட்டில் 40 ரூபாய் வீதம் 2,600 ரூபாய் நட்டம். இந்தப் பாடத்துக்கு இது குறைந்த கட்டணம் என்றே சொல்வேன்.

மாதாந்திர புட் வாங்கினால் சரியாகிவிடுமா? நிஃப்டி 25,000, ஸ்டிரைக்கும் அதே 25,000, பிரீமியம் 300 என்று வைத்துக்கொள்வோம். செலவு 19,500 ரூபாய். எக்ஸ்பைரியன்று 24,700-க்குக் கீழே போனால்தான் லாபம். ஆறு மாதம் தொடர்ந்து வாங்கினால் 1,17,000 ரூபாய், அதாவது உங்கள் 9 லட்சத்தில் 13 சதவீதம். அந்த ஒரு லாட்டின் மதிப்போ 16.25 லட்சம். ஒரு சைக்கிளுக்கு லாரியின் காப்பீட்டை எடுப்பதுபோல.

2024 செப்டம்பர் உச்சத்துக்குப் பிறகு நிஃப்டி தொடர்ந்து ஐந்து மாதங்கள் இறங்கியது. ஆனால் நவம்பரிலும் ஜனவரியிலும் மாத இறக்கம் ஒரு சதவீதம்கூட இல்லை. சந்தை சரிகிறது என்று சரியாகச் சொன்னவரும் அந்த மாதங்களில் பிரீமியத்தை இழந்திருப்பார்.

நண்பரின் யோசனை இன்னும் ஆபத்தானது. கால் விற்றால் வருமானத்துக்கு வரம்பு உண்டு, நட்டத்துக்கு இல்லை. 2024 ஜூன் 3 அன்று தேர்தல் கருத்துக்கணிப்பின் உற்சாகத்தில் நிஃப்டி 3 சதவீதத்துக்கு மேல் ஏறியது; மறுநாள் ஏறக்குறைய 6 சதவீதம் விழுந்தது; அதற்கடுத்த நாள் மீண்டும் 3 சதவீதத்துக்கு மேல் ஏறியது. முன்பே கால் விற்று வைத்திருந்தவர் முதல் நாளில் அடிபட்டார். இரண்டாம் நாள் பயத்தில் புட் வாங்கியவருக்கு, மூன்றாம் நாள் நிஃப்டியும் ஏறியது, பயத்தால் ஊதியிருந்த பிரீமியமும் சுருங்கியது. உங்கள் ஒன்றரை லட்சம், விற்பவர் பிணையாக வைக்க வேண்டிய மார்ஜினுக்கே போதுமா என்பதும் சந்தேகம். 2024-25-இல் இந்த ஃபியூச்சர்ஸ்-ஆப்ஷன் சந்தையில் வர்த்தகம் செய்த தனிநபர்களில் 91 சதவீதம் பேர் நட்டமடைந்தார்கள் என்கிறது பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் ஆய்வு. நண்பர் மீதி 9 சதவீதம் பேரில் ஒருவரா என்று அவருடைய கணக்கு அறிக்கையைக் காட்டச் சொல்லுங்கள்.

இறக்கத்தில் பந்தயம் கட்டியே தீருவேன் என்றால், புட் ஸ்பிரெட் மட்டும்: 25,000 புட்டை 300-க்கு வாங்கி, 24,000 புட்டை 90-க்கு விற்றால், அதிகபட்ச நட்டம் 13,650 ரூபாய் என்று முன்கூட்டியே தெரியும். விற்ற புட்டுக்கு மார்ஜினும் ஒதுக்க வேண்டும். நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நான் செய்யச் சொல்வது சலிப்பான வேலை. மாடிக்கான 3 லட்சத்தை இப்போதே வைப்புநிதிக்கோ லிக்விட் ஃபண்டுக்கோ மாற்றுங்கள். ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த யூனிட்டுகளில், ஆண்டுக்கு 1.25 லட்சம் வரையிலான லாபத்துக்கு வரி இல்லை. மீதி 6 லட்சம் பத்தாண்டுப் பணம் என்றால் அதைத் தொடாதீர்கள்.

அந்த 2,600 ரூபாயை வருமான வரிக் கணக்கில் விட்டுவிடாதீர்கள். ஆப்ஷன் நட்டம் தொழில் நட்டம். சம்பளத்தில் கழிக்க முடியாது, ஆனால் கெடு தேதிக்குள் ஐ.டி.ஆர்-3 தாக்கல் செய்தால் அதை எட்டு ஆண்டுகள் வரை அடுத்தடுத்த ஆண்டுகளின் கணக்குக்குக் கொண்டுசெல்லலாம். வழக்கமான ஐ.டி.ஆர்-1 படிவம் இந்த ஆண்டு உங்களுக்குச் செல்லாது.