மெஸ் கழிவில் வரும் வாயு எரியவில்லையா?

வணக்கம். காரைக்குடி மெஸ்ஸில் மிஞ்சும் சோறு, ரசம், எலுமிச்சைத் தோல் எல்லாம் சாண எரிவாயுக் கலனில் (பயோகேஸ்) போட்டும் எரிவாயு அடுப்பு பற்றியதும் அணைகிறது என்று எழுதியிருந்தீர்கள். கலன் புளித்துவிட்டது. வெளிவரும் கரைசலை முகர்ந்து பாருங்கள், நாள்பட்ட நீராகாரம் போலப் புளிப்பு அடிக்கும். சோறு சீக்கிரம் அமிலமாகிவிடும். எரியும் வாயுவான மீத்தேனை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. அப்புறம் வருவதில் எரியாத கரியமில வாயுதான் அதிகம்.

ஒரு வாரம் கழிவை நிறுத்துங்கள். பசுஞ்சாணத்தைச் சம அளவு தண்ணீரில் கரைத்து தினமும் கொஞ்சம் ஊற்றுங்கள். புளிப்பை அளக்கும் பி.எச். தாள் 7ஐ ஒட்டிக் காட்டியதும் சோற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். எலுமிச்சைத் தோலும் எலும்பும் வேண்டவே வேண்டாம். யாராவது கலனைக் கழுவச் சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள், உள்ளே இருக்கும் நுண்ணுயிர்தான் மூலதனம். கலனிலிருந்து வெளிவரும் கரைசலை வீணாக்காமல் தென்னைக்கு விடுங்கள். நம்ம செம்மண்ணுக்கு நல்ல எரு.