கடைசி வரிசையில் முழந்தாளிட்டவர்கள்

அன்புள்ள ஐயா,

ஆங்கில ஆட்சியை எதிர்த்துக் கிளம்பிய அயர்லாந்தின் ஃபீனியன் புரட்சியாளர்களைக் கத்தோலிக்க ஆயர்கள் ஏன் அவ்வளவு மூர்க்கமாக எதிர்த்தார்கள்? மேனூத் குருமடத்துக்கு ஆங்கில அரசு கொடுத்த மானியம்தான் காரணமா? விலைபோனவர்கள் என்று சொல்லலாமா? ஃபீனியன்கள் பக்கம் நின்ற லவெல் போன்ற குருக்களைப் பற்றியும் எழுதுங்கள்.

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சொல்லக் கூடாது. அது படிக்கச் சோம்பல்படுகிறவன் பேச்சு, உங்களிடமிருந்து அதை நான் எதிர்பார்க்கவில்லை. 1845இல் மானியத்தைக் கூட்டினார்கள், சரி, அதோடு அதை விடுங்கள். பின்னால் டப்ளின் பேராயரான பால் கல்லன் 1848-49இல் ரோமில் இருந்தவர்; பாப்பரசர் ஊரைவிட்டு ஓட நேர்ந்ததையும் இத்தாலியப் புரட்சியாளர் மாஜினியின் குடியரசையும் நேரில் பார்த்தவர். 1858இல் டப்ளினில் ரகசியச் சத்தியம் வாங்கி ஆள் சேர்க்கும் ஃபீனியன் சங்கம் முளைத்ததும் அதே ஆட்கள் இங்கேயும் வந்துவிட்டார்கள் என்று நினைத்தார். தவறான பயம்தான், ஆனால் பயம். லவெல்லைப் பற்றி இன்னொரு நாள்.

கெர்ரி ஆயர் மோரியார்ட்டி 1867இல், ஃபீனியன் தலைவர்களைத் தண்டிக்க நித்தியமும் போதாது, நரகத்தின் சூடும் போதாது என்று பிரசங்கித்ததையே எல்லோரும் எடுத்துச் சொல்கிறார்கள். பிரசங்கத்தில் விழும் வசவை மனிதன் தாங்கிக்கொள்வான். குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் நடந்ததைப் பாருங்கள். சத்தியம் எடுத்தாயா என்று கேட்டு, ஆம் என்றவனைப் பாவமன்னிப்பு கொடுக்காமல் திருப்பி அனுப்பினார்கள். மன்னிப்பு இல்லையென்றால் நன்மை, அதாவது பூசையில் தரும் திருவப்பம், வாங்க முடியாது. அவன் நாத்திகன் இல்லை ஐயா, வாரம் தவறாமல் பூசைக்குப் போன கடைப்பையன், கூலிக்காரன். குருக்களின் அரசியலை எதிர்த்து விடாமல் எழுதிய ஃபீனியன் தலைவர் சார்லஸ் கிக்காமே ஆழ்ந்த விசுவாசி. மறையில் குருவுக்குக் கீழ்ப்படிவோம், அரசியலில் மாட்டோம் என்பதுதான் அவர் வாதம். பணக்கணக்கு போடுகிறவர்களுக்கு இந்த வலி கண்ணில் படுவதே இல்லை, எனக்கு அதுதான் கோபம்.

நான் அதைப் பார்த்திருக்கிறேன். ஒரு நிலத் தகராறில் பங்குச்சாமியார் சொன்னதைக் கேட்காததற்காக என் பாட்டிக்கு இரண்டு வருடம் நன்மை கொடுக்கவில்லை. ஒரு ஞாயிறுகூட அவள் பூசையை விட்டதில்லை. எல்லோரும் வரிசையில் போகும்போது முக்காட்டை இழுத்துக்கொண்டு கடைசியில் முழந்தாளிட்டிருப்பாள், பக்கத்தில் நான். கோவிலை ஒரு வார்த்தை திட்டியதில்லை. நிலத்தையும் விட்டுக்கொடுக்கவில்லை.

1870இல் பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதர் ஃபீனியன்களைப் பெயர் சொல்லியே கண்டித்தார். ஆனால் 1867 நவம்பரில் மான்செஸ்டரில் தூக்கிலிடப்பட்ட மூன்று ஃபீனியன்களுக்காக அயர்லாந்தில் பல பங்குகளில் குருக்களே இறந்தோர் பூசை வைத்தார்கள். அந்தப் பூசைகளில், நன்மை வாங்க எழ முடியாமல், கடைசி வரிசையில் எத்தனை பேர் முழந்தாளிட்டிருந்தார்களோ.