எந்த டுடோரியலை நம்புறது?

கேள்வி: புதுசா ப்ரோக்ராமிங் கத்துக்கிறேன். நெட்ல தேடினா டுடோரியலா வந்து கொட்டுது. ஒண்ணுமே தெரியாத நான் எது நல்லதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பதில்: முதல்ல அது எவ்வளவு பழசுன்னு பாருங்க. பைத்தான்ல பிரிண்ட் (print)-ங்கிற கட்டளைக்கு அப்புறம் அடைப்புக்குறி இல்லன்னா அது பைத்தான் 2-ங்கிற பழைய வெர்ஷன், அதுக்கு 2020 ஜனவரி 1-ஓட சப்போர்ட்டே முடிஞ்சாச்சு, மூடிட்டு வேற பாருங்க.

அடுத்தது தான் முக்கியம். ‘இதை டைப் பண்ணு, அதை டைப் பண்ணு’ன்னு மட்டும் சொல்லிட்டுப் போறாங்களா, இல்ல அந்த வரி ஏன் அங்க வருது, எடுத்துட்டா என்ன ஆகும்னும் சொல்றாங்களா? எர்ரர் வந்தா அந்த மெசேஜை எப்படிப் படிக்கணும்னு காட்டுற டுடோரியல் கிடைச்சா விடாதீங்க, ஏன்னா நாளைக்கு நீங்க தனியா உக்காந்து கோட் எழுதும்போது பாதி நேரம் அதோடதான் போகும். ஒரு பாடம் முடிஞ்சதும் அதை மூடி வச்சுட்டு, அதே ப்ரோக்ராம்ல ஒரு சின்ன மாற்றம் நீங்களா பண்ணிப் பாருங்க. ஒவ்வொரு பாடத்துலயும் இது முடியலன்னா குறை பெரும்பாலும் பாடத்துலதான், உங்ககிட்ட இல்லைங்க.

யூசர் டைப் பண்றதை அப்படியே எஸ்க்யூஎல் க்வெரியில (டேட்டாபேஸுக்கு அனுப்புற கட்டளையில) ஒட்டச் சொல்லித்தர்றவங்களை மட்டும் நம்பவே நம்பாதீங்க, எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷனுக்கு வாசலே அதுதான், அதாவது யூசர் தன்னோட கட்டளையை உள்ள நுழைச்சு டேட்டாபேஸையே கலைச்சுடலாம். சந்தேகம் வந்தா பைத்தானோட அஃபிஷியல் டுடோரியல், ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு மோசில்லா தொடங்கின எம்டிஎன் (MDN) வெப்சைட், ரெண்டுமே இலவசம், அதோட ஒப்பிட்டுப் பாத்துக்கோங்க.