'ஐ ஆம் டேஞ்சரஸ்' - சீன மாணவர் ஏன் இப்படி எழுதுகிறார்?

ஆங்கிலம் கற்றுக்கொள்ளும் உங்கள் சீன மாணவர், தான் ஆபத்தில் இருப்பதைச் சொல்ல 'ஐ ஆம் டேஞ்சரஸ்' என்று எழுதுகிறாரா? அப்படி எழுதினால் 'நான் ஆபத்தானவன்' என்றாகிவிடும். அவர் சொல்ல வந்தது 'ஐ ஆம் இன் டேஞ்சர்', அதாவது 'நான் ஆபத்தில் இருக்கிறேன்'.

அவருடைய இலக்கணம் மோசம் என்று நினைக்க வேண்டாம். சீனத்தில் 'வெய்ஷியென்' என்ற ஒரே சொல் இரண்டு வேலையையும் பார்க்கிறது. புலியும் வெய்ஷியென், புலிக் கூண்டுக்குள் விழுந்தவனும் வெய்ஷியென். அகராதியில் அதற்கு நேராக முதலில் 'டேஞ்சரஸ்' இருக்கும், அதை அப்படியே எடுத்துப் போட்டிருப்பார்.

ஒவ்வொரு வாக்கியத்திலும் 'அடி யாருக்கு?' என்று கேட்கச் சொல்லுங்கள். எழுவாய்க்கு என்றால் 'இன் டேஞ்சர்' அல்லது 'அட் ரிஸ்க்'. எழுவாயால் மற்றவருக்கு என்றால் 'டேஞ்சரஸ்'. ஆபத்துக்கு உள்ளாக்குவதை வினையாகச் சொல்ல, உயிருக்கு 'எண்டேஞ்சர்', வேலை, வாய்ப்பு, பேச்சுவார்த்தை போன்றவற்றுக்கு 'ஜெப்பர்டைஸ்'. இது கறாரான விதி இல்லை, 'ஜெப்பர்டைஸ்' உயிருக்கும் வரும். ஆனால் தொடக்கத்தில் கைகொடுக்கும்.

'ரிஸ்க்' மட்டும் கொஞ்சம் குழப்பும். 'ஹீ ரிஸ்க்டு ஹிஸ் லைஃப்' என்பதில் பின்னால் வருவது பணயம் வைத்த பொருள். 'ஹீ ரிஸ்க்டு லூசிங் ஹிஸ் ஜாப்' என்பதில் வருவது நேரக்கூடிய கேடு. இங்கே 'டு லூஸ்' என்று எழுதினால் தப்பு.

அப்புறம், 'காம்ப்ரமைஸ்'. அவருக்கு அது 'துவோஷியே', அதாவது விட்டுக்கொடுத்துச் சமாதானமாவது. பாஸ்வேர்ட் 'காம்ப்ரமைஸ்டு' என்று படித்தால், பாஸ்வேர்ட் யாரிடம் சமாதானம் பேசியது என்று விழிப்பார். பாதுகாப்பு குலைந்துவிட்டது என்ற பொருளைத் தனியாகவே சொல்லிக் கொடுங்கள்.