கிளினிக் திறந்தாயிற்று, சங்கத்தில் சேர வேண்டுமா?

கேள்வி: எம்.பி.பி.எஸ். முடித்து மூன்று வருடம் தனியார் மருத்துவமனையில் டூட்டி டாக்டராக இருந்தேன். போன தை மாதம் தேனி மாவட்டத்தில் எங்கள் ஊரிலேயே சின்னதாக ஒரு கிளினிக் திறந்திருக்கிறேன். காய்ச்சல், சர்க்கரை, பிரஷர், கைக்குழந்தை என்று எல்லாரும் வருகிறார்கள். பக்கத்து ஊர் சீனியர் டாக்டர் ஒருவர், "முதல்ல ஐ.எம்.ஏ.ல சேரும்மா" என்று, இந்திய மருத்துவச் சங்கத்தைப் பற்றி, பார்க்கும்போதெல்லாம் சொல்கிறார். தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் பதிவு இருக்கிறது. நோயாளி வழக்குப் போட்டால் நஷ்டஈட்டைப் பார்த்துக்கொள்ளும் இண்டெம்னிட்டி இன்ஷூரன்சும் எடுத்துவிட்டேன். இதற்கு மேல் சங்கம் எதற்கு? குடும்ப மருத்துவர்களுக்கென்றே தனி அமைப்பு இருக்கிறதாமே, அதில் சேர்ந்தால் போதாதா? என் கணவரும் டாக்டர்தான், அரசுப் பணியில் இருக்கிறார்.

பதில்: சேருங்கள். அந்தச் சீனியர் சொல்வது சரிதான். ஆனால் ஏன் என்று தெரிந்து சேர்ந்தால்தான் பயன்படும். தெரியாமல் சேர்ந்த பாதிப்பேர் சான்றிதழைச் சுவரில் மாட்டிவிட்டு அதோடு மறந்துவிடுகிறார்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் உங்களுடைய சங்கம் அல்ல. அது 1914-ஆம் வருடச் சட்டத்தின் கீழ் வந்தது. உங்களைப் பதிவு செய்யும், யாராவது புகார் கொடுத்தால் உங்களை விசாரிக்கும். நோயாளிகள் பக்கம் நின்று நம்மைக் கண்காணிப்பதுதான் அதன் வேலை, அப்படித்தான் இருக்கவும் வேண்டும். அந்தப் பதிவு இல்லாமல் தொழில் செய்ய முடியாது. இந்திய மருத்துவச் சங்கம், அதாவது ஐ.எம்.ஏ., 1928-இல் கல்கத்தாவில் டாக்டர்களே கூடி ஆரம்பித்த தன்னார்வச் சங்கம். அதில் சேராவிட்டாலும் உங்கள் தொழிலுக்குச் சட்டப்படி எந்தத் தடையும் கிடையாது. கவுன்சிலில் உங்கள் மேல் புகார் வந்தால் உங்கள் தரப்பை எழுதிக்கொடுக்க உங்களோடு உட்காரும் ஆள், சங்கத்து ஆள். வித்தியாசம் அவ்வளவுதான்.

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். இன்ஷூரன்ஸ் பணத்துக்கு. ராத்திரி பத்து மணிக்கு அது வராது. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

2011, ஐப்பசி மழை. ஐம்பத்தெட்டு வயதுக்காரர் ஒருவரை நெஞ்சுவலி என்று மகன்கள் கூட்டிக்கொண்டு வந்தார்கள். ஈ.சி.ஜி. எடுத்தேன், பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஆஸ்பிரின் கொடுத்து, 108-ஐக் கூப்பிட்டு, மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பினேன். வழியிலேயே போய்விட்டார். முக்கால் மணி நேரத்தில் பத்துப் பதினைந்து பேர் திரும்பி வந்தார்கள். முன்பக்கக் கண்ணாடிக் கதவு போனது, பி.பி. பார்க்கும் கருவி போனது, என் கம்பவுண்டர் தம்பிக்கு நெற்றியில் மூன்று தையல். நான் அப்போது பேருக்கு மட்டும் மெம்பர். கூட்டத்துக்குப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. கூசிக்கொண்டேதான் கிளைச் செயலாளருக்குப் போன் செய்தேன்.

இருபது நிமிடத்தில் மழையில் நனைந்தபடி ஸ்கூட்டரில் வந்தார். வந்தவர் கதவைப் பார்க்கவில்லை, "ஈ.சி.ஜி. எங்க?" என்றுதான் கேட்டார். அந்தத் தெர்மல் பேப்பர் நாளாக நாளாக வெளுத்துப்போகும் என்பது எனக்கும் தெரியும், ஆனால் அன்றைக்குத் தோன்றவில்லை. பக்கத்துக் கடையைத் திறக்கச்சொல்லி இரண்டு ஜெராக்ஸ் எடுக்கவைத்தார். பிறகு என்னை உட்காரவைத்து, நோயாளி எத்தனை மணிக்கு வந்தார், ஈ.சி.ஜி. எத்தனை மணிக்கு, 108-க்கு எத்தனை மணிக்குப் போன் போனது என்று போனில் இருந்த நேரத்தைப் பார்த்துப் பார்த்து எழுதவைத்தார். முன்பு எழுதியிருந்ததைத் தொடவே விடவில்லை. கீழே புதிதாக, அன்றைய தேதியும் நேரமும் போட்டு எழுதச் சொன்னார். அப்புறம்தான் ஸ்டேஷன்.

ஸ்டேஷனில் வாய்த்தகராறு என்று முடித்துவிடப் பார்த்தார்கள். செயலாளர் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துவந்தார். உள்ளே தமிழ்நாடு அரசின் 48/2008 சட்டத்தின் நகல். மருத்துவப் பணியாளர்களையும் மருத்துவ நிறுவனங்களையும் தாக்குவோருக்கான சட்டம்; ஜாமீனில் வர முடியாத குற்றம், தண்டனை மூன்று வருடத்தில் தொடங்கிப் பத்து வருடம் வரை போகும். தனியார் கிளினிக்குக்கும் பொருந்தும். அந்த எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். புகார் மனுவிலேயே அதைக் குறிப்பிட்டு எழுதினால்தான் அந்தப் பிரிவு முதல் தகவல் அறிக்கையில் ஏறும்.

அந்த மகன்கள் மேல் எனக்கு இன்றும் கோபம் இல்லை. அப்பாவை இழந்த இரவு அது. ஆனால் அடுத்த நாள் காலையில் நான் கிளினிக்கைத் திறந்தேன் என்றால், முந்தின இரவு தனியாக இல்லை என்பதால்தான்.

இனி நோட்டீஸ் விஷயம். மருத்துவ சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கை நடத்தித் தோற்றதே ஐ.எம்.ஏ.தான். அன்றிலிருந்து, ஐம்பது நூறு ரூபாய் பீஸ் வாங்கும் குடும்ப மருத்துவரும் அதற்குக் கட்டுப்பட்டவர். முதலில் பெரும்பாலும் வக்கீல் நோட்டீஸ்தான் வரும். பயந்து போன் செய்து சமாதானம் பேசவேண்டாம், மேஜைக்குள் போட்டு மறக்கவும் வேண்டாம். அன்றைக்கே இரண்டு இடத்துக்குத் தகவல் போகவேண்டும்: இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்து மூலமாக, உங்கள் கிளைக்கு நேரில். நுகர்வோர் ஆணையத்திலிருந்தே நோட்டீஸ் வந்துவிட்டால் பதில் தாக்கல் செய்ய 30 நாள். ஆணையம் மனது வைத்தால் இன்னும் 15 நாள். மொத்தம் 45. அதற்குமேல் ஒரு நாள்கூட நீட்டிக்க முடியாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே சொல்லிவிட்டது. நல்ல டாக்டர்கள் நல்ல கேசில் தோற்பது பெரும்பாலும் இந்தத் தேதியைக் கோட்டைவிட்டுத்தான்.

நோயாளி தன் ரெக்கார்டு கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்கவேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு நடத்தை விதி. கொடுத்துவிடுங்கள். மறைத்தால் சங்கமும் காப்பாற்றாது.

உங்கள் பாலிசியை எடுத்து ஒரு விஷயம் பாருங்கள். இந்த வகைப் பாலிசிகள் பொதுவாக, சிகிச்சை நடந்த வருடத்தைவிட, கேஸ் வரும்போது பாலிசி உயிரோடு இருக்கிறதா என்றுதான் பார்க்கும். ஒரு வருடம் புதுப்பிக்க மறந்தால் பழைய வருடங்களின் பாதுகாப்பும் போய்விடலாம். ஐ.எம்.ஏ. தமிழ்நாடு கிளைக்கும் தொழில் பாதுகாப்புத் திட்டம் ஒன்று உண்டு, உறுப்பினர் இறந்தால் மற்ற உறுப்பினர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் குடும்பத்துக்குக் கொடுக்கும் குடும்பப் பாதுகாப்புத் திட்டமும் உண்டு. இவற்றுக்குத் தனியாகச் சேரவேண்டும்; மெம்பர் ஆனதுமே தானாக வந்துவிடாது. வயது ஏற ஏறக் கட்டணமும் ஏறும் என்பதால் இப்போதே கேட்டுவிடுங்கள்.

சரி, சங்கம் நம் சார்பில் பேசுகிறது என்கிறார்களே, என்னதான் பேசுகிறது? சமீபத்திய இரண்டு விஷயங்களைச் சொல்கிறேன்.

2023 ஆகஸ்ட் 2-ஆம் தேதி தேசிய மருத்துவ ஆணையம் புதிய நடத்தை விதிகளைக் கொண்டுவந்தது. மருந்தைக் கம்பெனிப் பெயர் இல்லாமல் பொதுப்பெயரில் (ஜெனரிக்) மட்டும்தான் எழுதவேண்டும், மீறினால் நடவடிக்கை. பொதுப்பெயரில் எழுதுவது நல்லதுதான், நானும் முடிந்தவரை எழுதுகிறேன். ஆனால் எந்தக் கம்பெனி மருந்து என்ற முடிவு அப்போது டாக்டர் கையிலிருந்து மருந்துக்கடைக்காரர் கைக்குப் போகிறது. அங்கே கிடைக்கும் சரக்கின் தரத்துக்கு யார் பொறுப்பு என்று விதியில் இல்லை. ஐ.எம்.ஏ. சுகாதார அமைச்சர் வரை போனது. அதே மாதம் 23-ஆம் தேதி விதிகள் நிறுத்திவைக்கப்பட்டன. இன்னொன்று, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா. கவனக்குறைவால் மரணம் என்ற குற்றத்துக்கு தண்டனையை ஐந்து வருடமாக உயர்த்தியபோது, பதிவுபெற்ற டாக்டர்களுக்கு மட்டும் பழையபடி இரண்டு வருடம் என்று 106-ஆம் பிரிவில் சேர்த்தார்கள். ஐ.எம்.ஏ. கேட்டதால்தான் என்று உள்துறை அமைச்சரே மக்களவையில் சொன்னார்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். ஐ.எம்.ஏ.யில் எல்லா டாக்டர்களும் இருக்கிறார்கள். நர்சிங் ஹோம் நடத்துபவர், சர்ஜன், கார்ப்பரேட் மருத்துவமனை ஸ்பெஷலிஸ்ட், நீங்களும் நானும், எல்லாரும் ஒரே மேஜையில். பொறுப்புகளுக்கு வருபவர்கள் பெரும்பாலும் பெரிய மருத்துவமனைக்காரர்களாகவே இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். லைசென்ஸ், படுக்கை எண்ணிக்கை, காப்பீட்டுப் பாக்கி என்று பேச்சு போகும். ஒரே அறையில் கிளினிக் நடத்துபவரின் சங்கடம் கடைசியாக வரும், சில சமயம் வராமலே போகும். இங்கிலாந்தில் இதைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பயிற்சி, பரீட்சை, தரம் ஆகியவற்றை 1952-இல் ஆரம்பித்த குடும்ப மருத்துவர்களின் ராயல் கல்லூரி பார்க்கிறது. சம்பளம், ஒப்பந்தம் பற்றி அரசோடு பேசுவது பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம். அதுபோக வட்டாரத்துக்கு வட்டாரம் குடும்ப மருத்துவர்களுக்கென்றே தனிக் குழு. நம்மூரில் எல்லாம் ஒரே கூரைக்கு அடியில். அதனால்தான் நம்மைப் போன்றவர்கள் கூட்டத்துக்குப் போகவேண்டும் என்று நான் இத்தனை வற்புறுத்துகிறேன்.

இப்போது உங்கள் தனி அமைப்புக் கேள்வி. இரண்டு இருக்கின்றன. ஒன்று ஐ.எம்.ஏ.வுக்குள்ளேயே இருக்கும் பொது மருத்துவர் கல்லூரி, சி.ஜி.பி. 1963-இல் ஆரம்பித்தது, தலைமையகம் சென்னையில். மாதாமாதம் நடக்கும் தொடர்கல்விக் கூட்டங்கள், எஃப்.சி.ஜி.பி. என்ற ஃபெலோஷிப் ஆகியவை அதன் பொறுப்பு. எஃப்.சி.ஜி.பி. படிப்பதற்கு நல்லது, ஆனால் தேசிய மருத்துவ ஆணையம் அங்கீகரித்த முதுகலைப் பட்டம் அல்ல, அதை வைத்து ஸ்பெஷலிஸ்ட் என்று போர்டு போட முடியாது. மற்றது இந்திய குடும்ப மருத்துவர் அகாடமி, ஏ.எஃப்.பி.ஐ., 2010-இல் வந்தது. குடும்ப மருத்துவத்தைத் தனித் துறையாக வளர்ப்பதுதான் இதன் முழுக் கவனம். சொந்தமாக ஆய்விதழ் நடத்துகிறார்கள், உலகக் குடும்ப மருத்துவர் அமைப்பான வொன்காவோடு சேர்ந்திருக்கிறார்கள். 2019-ஆம் வருட மருத்துவ ஆணையச் சட்டத்திலேயே குடும்ப மருத்துவத்தில் முதுகலைப் படிப்பை ஊக்குவிக்கவேண்டும் என்று எழுதியிருக்கிறது. எழுதியது நடக்கவேண்டும் என்று விடாமல் கேட்பவர்கள் இவர்கள். உங்களுக்கு டி.என்.பி. (தேசியத் தேர்வு வாரியம் தரும் முதுகலைத் தகுதி) குடும்ப மருத்துவம் படிக்கும் எண்ணம் இருந்தால் முதலில் இவர்களிடம் பேசுங்கள்.

ஒன்றில் சேர்ந்தால் மற்றதில் சேரக்கூடாது என்றில்லை. ஸ்டேஷனுக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் ஐ.எம்.ஏ. கிளை; படிப்புக்கும் துறையின் எதிர்காலத்துக்கும் அகாடமி. முதலில் ஒன்றுதான் முடியும் என்றால் உங்கள் ஊர் ஐ.எம்.ஏ. கிளை. கூப்பிட்ட தூரத்தில் ஆள் இருப்பது அங்கேதான்.

அன்றாட உபயோகத்தையும் சொல்லவேண்டும். கிளினிக்கை 1997-ஆம் வருட மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தில் ஜே.டி. (மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநர்) ஆபீசில் பதிந்துவிட்டீர்களா? கன்சல்டிங் மட்டும் பார்க்கும் சின்ன கிளினிக்குக்கும் உண்டு. ஊசி, பஞ்சுக் கழிவை எடுத்துப்போகப் பொது சுத்திகரிப்பு நிலையத்தோடு ஒப்பந்தம், மாசுக்கட்டுப்பாட்டு வாரிய அனுமதி, வருடா வருடம் ஜூன் 30-க்குள் ஆண்டறிக்கை. படுக்கை இல்லாத கிளினிக்குக்கு அந்த அனுமதி ஒரு தடவை வாங்கினால் போதும் என்பது பலருக்குத் தெரியாது. எங்கள் கிளையில் பத்துப் பன்னிரண்டு சின்ன கிளினிக்குகள் சேர்ந்து கழிவு வண்டிக்காரரோடு பேசியதில் மாதக் கட்டணம் கணிசமாகக் குறைந்தது. தனித்தனியாகக் கேட்டபோது ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கவுன்சில் பதிவைப் புதுப்பிக்க ஐந்து வருடத்துக்கு 30 மணி நேரத் தொடர்கல்வி வேண்டும். கிளைக் கூட்டங்களிலேயே சேர்த்துவிடலாம், மதுரைக்கோ சென்னைக்கோ பஸ் ஏறவேண்டாம். கூட்டத்துக்குக் கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா, உங்கள் பதிவு எண் சரியாக எழுதப்பட்டதா என்று மட்டும் பாருங்கள்.

ஒன்றை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். ஸ்கேன் சென்டரிலும் லேபிலும் கமிஷன் வாங்கிவிட்டு மாட்டிக்கொண்டால் சங்கம் வந்து நிற்கும் என்று. நிற்கக்கூடாது. ஒரு தடவை எங்கள் கிளையில் அப்படி ஒருவருக்காகப் பேசச்சொல்லி வந்தார்கள், நாங்கள் மறுத்துவிட்டோம். அந்த மறுப்பினால்தான் அடுத்த முறை வேறொருவருக்காகப் போனபோது அதிகாரி எங்கள் பேச்சைக் கேட்டார்.

உங்கள் கணவரும் ஐ.எம்.ஏ.யில் சேரலாம். அரசு டாக்டர்களுக்கென்று தனிச் சங்கம் இருந்தாலும் அது பதவி உயர்வு, சம்பள விவகாரங்களுக்கு, இது வேறு. இருவரும் டாக்டர் என்பதால் தம்பதி ஆயுள் உறுப்பினர் என்று ஒரு வகை உண்டு, தனித்தனியாகக் கட்டுவதைவிடக் குறைவு. உறுப்பினர் சேர்க்கை உள்ளூர்க் கிளை வழியாகத்தான். அங்கே சேர்ந்தால் மாநிலத்திலும் டெல்லியிலும் பெயர் ஏறிவிடும். கவுன்சில் பதிவுச் சான்றிதழ் நகல், போட்டோ எடுத்துக்கொண்டு அந்தச் சீனியரிடமே போங்கள். மாதக் கூட்டம் எந்த ஞாயிறு என்று கேட்டு, அடுத்த கூட்டத்துக்கு அவரோடு சேர்ந்தே போய்விடுங்கள். செயலாளரின் நம்பரை அன்றைக்கே போனில் ஏற்றி, உங்கள் கம்பவுண்டர் போனிலும் ஏற்றிவையுங்கள்.