விளையாடும்போது மயங்கி விழுவதற்கும் இதயத் தசை தடித்திருப்பதற்கும் சம்பந்தம் உண்டா?

17 வயதுத் தம்பி வாலிபால் ஆடும்போது மயங்கி விழுகிறான், எக்கோவில் (இதய ஸ்கேனில்) இதயத் தசை தடித்திருக்கிறது என்கிறார்கள், வீட்டிலோ பித்த மயக்கம் என்று சீரகத் தண்ணீர் கொடுக்கிறார்கள், இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்டு. நான் டாக்டர் இல்லை. என் அண்ணனுக்கு இதே நோய், அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எங்களுக்குச் செங்கோட்டைப் பக்கம் புளியரை. அண்ணன் லாரியில் தேங்காய் மூட்டை ஏற்றுகிறவன். ஒருநாள் மூட்டையைப் போட்டுவிட்டு நிமிர்ந்தவன் அப்படியே சரிந்தான். கண் இருட்டுகிறது, குமட்டுகிறது என்று முன்னால் ஒரு வார்த்தை இல்லை. கை இரண்டு வெட்டு வெட்டியதைப் பார்த்த டிரைவர், காக்கா வலிப்பு என்று லாரிச் சாவியைக் கையில் திணித்தார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, எழுந்து உட்கார்ந்து "எதுக்குலே என் கையில சாவி?" என்றான்.

அந்தக் கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. வலிப்பு வந்து தெளிகிறவர்கள் பெரும்பாலும் கொஞ்ச நேரம் பேந்தப் பேந்த விழிப்பார்கள். மூளைக்கு ரத்தம் தடைப்பட்டு விழுந்தவருக்கும் கைகால் வெட்டும், ஆனால் ரத்தம் ஓடியதும் புத்தி உடனே தெளிந்துவிடும். இதை யாரும் கேட்காததால் முதலில் காட்டிய ஆஸ்பத்திரியில் வலிப்பு மாத்திரைதான் எழுதினார்கள்.

1956 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்ததாலோ என்னவோ, எங்கள் பக்கம் பெரிய நோய் என்றால் பலருக்கும் புனலூர் வழியாகத் திருவனந்தபுரம்தான். அங்கே எக்கோ எடுத்தபோது, மூச்சை அடக்கி முக்கச் சொன்னார்கள். சும்மா படுத்திருக்கும்போது தெரியாத அடைப்பு முக்கும்போது தெரியுமாம். இரண்டு கீழறைகளுக்கும் நடுவே உள்ள சுவர் தடித்திருப்பதால், இதயம் வேகமாக அடிக்கும்போது ரத்தம் வெளியேறும் வழி குறுகிவிடுகிறது, அதுதான் அந்த அடைப்பு. உடம்பில் நீர் வற்றியிருந்தால் இன்னும் குறுகும். வெயிலில் ஆடிவிட்டுத் தண்ணீர் குடிக்காமல் நிற்பது இதனால்தான் ஆகாது.

மயக்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு, அதுதான் பயப்பட வேண்டியது: தடித்த தசையிலிருந்து துடிப்பு தாறுமாறாகக் கிளம்புவது. அதைப் பிடிக்கத்தான் 24 மணி நேரமோ அதற்கு மேலோ, துடிப்பைப் பதிவு செய்துகொண்டே இருக்கும் ஹோல்டர் என்ற கருவியை மாட்டுகிறார்கள். காரணம் தெரியாத மயக்கம் சமீபத்தில் வந்திருந்தால், துடிப்பு தாறுமாறானால் மின் அதிர்வு கொடுத்துச் சரிசெய்யும் ஐசிடி என்ற கருவியை நெஞ்சில் பொருத்த வேண்டுமா என்று யோசிப்பார்கள். தம்பிக்கு இது தேவையா என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். அடைப்புக்கு முதலில் இதயத் துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் மெட்டோப்ரோலால் போன்ற பீட்டா பிளாக்கர் மாத்திரை, அதில் கேட்காவிட்டால் தடித்த தசையைச் செதுக்கும் ஆபரேஷன்.

நெஞ்சு வலி என்றாலே நாக்குக்கு அடியில் சார்பிட்ரேட் மாத்திரை வைக்கும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. அடைப்புள்ள இந்த நோயில் அது மயக்கத்தை வரவழைத்துவிடும். பக்கத்து வீட்டு மாமா பாசத்தில் நீட்டினாலும் வாங்காதீர்கள்.

திருவனந்தபுரத்து டாக்டர் எங்கள் அம்மாவிடம், "குடும்பத்தில் ஆரெங்கிலும் பெட்டெந்நு மரிச்சிட்டுண்டோ?" என்று, அதாவது யாராவது திடீரென்று இறந்திருக்கிறார்களா என்று கேட்டார். அம்மா கொஞ்சம் தயங்கிவிட்டு, தன் தம்பி சின்ன வயதிலேயே வயலில் விழுந்து செத்ததைச் சொன்னாள். பேயடித்துச் செத்தார் என்றுதான் அதுவரை எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். இந்த நோய் பெரும்பாலும் பரம்பரையாக வருவது. மரபணுக் கோளாறு பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அதே வாரம் நாங்கள் எல்லோரும் எக்கோ எடுத்தோம். பொதுவாகச் சுவர் 15 மில்லிமீட்டர் இருந்தால் நோய் என்பார்கள், குடும்பத்தில் ஏற்கெனவே ஒருவருக்கு இருந்தால் 13க்கே சந்தேகப்படுவார்கள். எனக்கு இப்போது ஒன்றும் இல்லை. பின்னாளிலும் தடிக்கலாம் என்பதால் அவ்வப்போது எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

இதய டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை தம்பி வாலிபாலை நிறுத்தட்டும். மறுபடி விழுந்தால் இரும்பைத் தேடாமல், மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மல்லாக்கப் படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பிடியுங்கள். இல்லையென்றால் 108க்கு ஒருவர் பேச, இன்னொருவர் நடு நெஞ்சில் வேகமாக அழுத்த வேண்டும்.

உங்களுக்கும் அப்பா அம்மாவுக்கும் எக்கோ எடுத்தாயிற்றா? நீங்கள் அதை எழுதவில்லை.